துக்கத்தை ஆய்தல்: ரெனாட்டோ ரொசால்டோவின் இனவரைவியல் கவிதைகள்

1. சிக்கல்

பிலிப்பைன்சின் வடக்கு லூசோன் மலைகளில் வாழும் இலோங்கோட் மக்களிடையே தலைவேட்டை வழக்கம் இருந்தது. 1960களின் இறுதியில் அங்கே களப்பணி செய்த மானிடவியலாளர் ரெனாட்டோ ரொசால்டோ அதன் காரணத்தைக் கேட்டபோது, கிடைத்த விடை மிகச் சுருக்கமானது: துக்கம் சினத்தை மூட்டுகிறது, அந்தச் சினம் தலை கொய்யத் தூண்டுகிறது. ரொசால்டோவுக்கு அது போதவில்லை. ஒரு சாவுக்கு இன்னொரு சாவு ஈடு என்ற பரிமாற்றக் கோட்பாட்டை அவர்கள் முன் வைத்துப் பார்த்தார். அப்படித் தாங்கள் எண்ணுவதில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

1981 அக்டோபர் 11 அன்று, இஃபுகாவ் பகுதிக் களப்பணியின்போது, அவர் மனைவியும் மானிடவியலாளருமான மிஷெல் ரொசால்டோ மலைப்பாதையில் கால் தவறினார். ஏறத்தாழ 20 மீட்டர் கீழே, பெருக்கெடுத்த ஆற்றில் விழுந்து இறந்தார். உடலைக் கண்டதும் ரெனாட்டோவுக்குள் சினம் மூண்டது. இலோங்கோட் முதியவர்களின் சொல் எவ்வளவு நேரானது என்பது அதன் பிறகே அவருக்கு விளங்கியது.

2. உரைநடையின் பங்கு

இந்த அனுபவத்தை முன்வைத்து 1984இல் அவர் வெளியிட்ட கட்டுரை, சாவுச் சடங்கை விரிவாக எழுதும் மானிடவியல் இழந்தவரின் கொந்தளிப்பைக் காணத் தவறுகிறது என்றது. வலுவான வாதம். ஆனால் வாதம் முடிவை நோக்கி விரையும். அந்த நாளுக்குள் தங்கி நிற்க அதற்கு வழியில்லை.

3. கவிதையின் பங்கு

2014இல் வந்த ‘ஷெல்லி இறந்த நாள்’ என்னும் கவிதை நூல் (ஷெல்லி என்பது மிஷெலையே குறிக்கும்) அந்த ஒரே நாளில் நின்றுகொள்கிறது. மனைவியை இழந்தவர் மட்டுமல்ல, மூன்று சக்கர வண்டி ஓட்டுநர், பாதிரியார், படைவீரர் எனப் பலரும் அதில் தன்மையில் பேசுகிறார்கள். நூலின் முதன்மையான சாதனை இதுவே என்பது என் துணிபு. இதுவரை பிறரை உற்றுநோக்கிய ஆய்வாளர், இங்கே பிறர் கண்ணில் படும் வெளியூர்க்காரராக, இரு சிறுவர்களுடன் திகைத்து நிற்கும் தந்தையாக மாறுகிறார். ஒரே சாவு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தொலைவில் நிகழ்கிறது. அந்தத் தொலைவுகளே இங்கு ஆய்வுப்பொருள்.

எட்வர்ட் சபீரும் ரூத் பெனடிக்டும் முன்பே கவிதை எழுதிய மானிடவியலாளர்கள்தாம். ஆயினும் பெனடிக்ட் ஆன் சிங்கிள்டன் என்ற புனைபெயரில் கவிதைகளை வெளியிட்டு, துறைசார் எழுத்திலிருந்து விலக்கியே வைத்தார். ரொசால்டோவுக்கோ கவிதை எழுதுவதே ஆராயும் வழி.

4. சான்றின் எல்லை

ஓட்டுநரின் குரல் ரொசால்டோ கற்பனை செய்தது. அதை அந்த ஓட்டுநரின் வாக்குமூலமாக மேற்கோள் காட்டினால் ஆய்வு பிழைபடும். ஆய்வாளர் பிறரை எப்படிப் புரிந்துகொள்ள முயன்றார் என்பதற்கு மட்டுமே அது சான்றாகும். ரொசால்டோவும் கவிதைகளைத் தனித்து விடவில்லை. 1984ஆம் ஆண்டுக் கட்டுரையையும், கவிதைக்கும் இனவரைவியலுக்கும் உள்ள உறவு பற்றிய உரைநடையையும் அதே நூலில் சேர்த்திருக்கிறார். கற்பனைக் குரல்களை ஆய்வாளரின் வாதத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்க வாசகருக்கு அங்கேயே இடம் கிடைக்கிறது.