டிரெமே

டிரெமே, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிரெஞ்சு குவார்ட்டரை ஒட்டி அமைந்த பழமையான கறுப்பினக் குடியிருப்பு. கிளாட் டிரெமே என்பவரின் நிலத்தை 1810இல் நகர நிர்வாகம் வாங்கி மனைகளாகப் பிரித்து விற்றது. அடிமைமுறை நடைமுறையில் இருந்த அக்காலத்திலேயே விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் பலர் இங்கே மனை வாங்கி வீடு கட்டினர்.

இதன் ஓரத்தில் இருக்கிறது காங்கோ சதுக்கம். அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மேயர் குறிக்கும் இடத்தில் மட்டுமே கூடி ஆடலாம் என்று 1817இல் சட்டம் வந்தது. அவ்விடம் இந்தச் சதுக்கமாயிற்று. ஆப்பிரிக்க முரசுகளும் வட்ட நடனங்களும் சந்தையும் இங்கே ஒன்றாக நடந்தன. ஜாஸ் இசை இங்குதான் பிறந்தது என்பது மிகை. ஆயினும் அதன் தாளத்துக்கு இந்த மைதானம் ஊற்றுகளில் ஒன்று என்பதில் ஐயமில்லை. பின்னாளில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தளபதி போரிகார்டின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. பழைய பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பியது 2011இல்தான்.

டிரெமேயின் இசை அரங்கை விடத் தெருவுக்கே அதிகம் உரியது. உறுப்பினர்களின் சந்தாவில் ஈமச்செலவையும் மருத்துவச் செலவையும் ஏற்ற பரஸ்பர உதவிச் சங்கங்களே ஊர்வலங்களையும் நடத்தின. இறுதி ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக் குழு முதலில் துதிப்பாடல்களை மெதுவாக வாசிக்கும். உடலுக்கு விடைகொடுத்த பின் இசை துள்ளலாக மாறும். குழுவுக்குப் பின்னால் ஆடிவரும் கூட்டத்துக்கு ‘செகண்ட் லைன்’ என்று பெயர். அதில் சேர யாருக்கும் அழைப்பு வேண்டியதில்லை. இத்தகைய வாத்தியக் குழுக்களில் ஒன்றான ரீபர்த் பிராஸ் பேண்ட் 1983இல் இப்பகுதியின் ஜோசப் கிளார்க் உயர்நிலைப்பள்ளி மாணவர்களால் உருவானது. 2012இல் கிராமி விருது பெற்றது.

வளர்ச்சியின் பெயரால் நேர்ந்த இழப்பும் பெரிது. இப்பகுதியின் கிளேபோர்ன் அவென்யூ சாலையில் இருந்த ஓக் மரங்கள் 1966இல் வெட்டப்பட்டு, நெடுஞ்சாலை மேம்பாலம் எழுந்தது. கறுப்பினத்தவர் மார்டி கிரா திருநாளைக் கொண்டாடிய நிழலும், அதையொட்டிய கடைவீதியும் அழிந்தன. லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயர் தாங்கிய பூங்கா, இசைக்கலைஞர்கள் வாழ்ந்த வீடுகளை இடித்துத் திரட்டிய நிலத்தில் அமைந்தது ஒரு முரண்.

கொண்டாட்டம் மேம்பாலத்துக்கு அடியில் தொடர்ந்தது. அதன் தூண்களில் ஓவியர்கள் ஓக் மரங்களையும் உள்ளூர்க் கலைஞர்களின் உருவங்களையும் தீட்டினர். சில்வெஸ்டர் பிரான்சிஸ் 1999இல் பழைய ஈமச்சடங்கு நிலையம் ஒன்றில் பேக்ஸ்ட்ரீட் பண்பாட்டு அருங்காட்சியகத்தைத் திறந்தார். ‘மார்டி கிரா இந்தியர்’ எனப்படும் கறுப்பினக் குழுவினர் மணியும் இறகும் கோத்துக் கையால் தைக்கும் உடைகள் அந்த அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆண்டுதோறும் புதிதாகத் தைப்பதே மரபு என்பதால் பழையவற்றைக் காப்பது அரிதாக இருந்தது. ரீபர்த் குழுவின் முரசுக் கலைஞர் டெரிக் டாப் 2007இல் தொடங்கிய ‘ரூட்ஸ் ஆஃப் மியூசிக்’ நகரச் சிறுவர்களுக்கு இலவசமாக வாத்தியம் கற்பிக்கிறது.

2005இன் கத்ரீனா புயலுக்குப் பின் வாடகை உயர்ந்தது. பலர் வேறு பகுதிகளுக்குக் குடிபெயர்ந்து, ஊர்வலத்துக்கு மட்டும் வந்து போகின்றனர். மேம்பாலத்தை இடிப்பதா, அதன் அடியைச் சந்தையாகவும் கலைக்களமாகவும் மாற்றுவதா என்ற விவாதமும் அதன்பின் வலுத்தது.