சூடோவின் நினைவு

லினக்ஸ் கணினியில் நிர்வாகியின் அதிகாரத்தைச் சிறிது நேரத்துக்குக் கடனாகத் தரும் கட்டளை 'சூடோ'. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷால், கிளிஃப் ஸ்பென்சர் இருவரும் இதை எழுதினர். 1990களிலிருந்து டாட் மில்லர் பராமரித்து வருகிறார்.

ஒவ்வொரு கட்டளைக்கும் கடவுச்சொல் கேட்டால் வேலை ஓடாது. அதனால் ஒருமுறை சரியாகத் தட்டச்சு செய்தவரைச் சூடோ சில நிமிடம் நினைவில் வைக்கிறது. மூலநிரலில் அது 5 நிமிடம். டெபியன், உபுண்டுவில் 15. கடவுச்சொல் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. பயனருக்கென உள்ள சிறிய கோப்பில் எந்த முனையத்தில், எந்த நேரத்தில் உறுதிசெய்தார் என்பதே பதிவாகிறது. அடுத்த கட்டளை வந்ததும் அந்த நேரம் ஒப்பிடப்படுகிறது. கெடு தாண்டவில்லை என்றால் கதவு திறக்கும், பதிவும் புதுப்பிக்கப்படும்.

2010இல் வெளிவந்த 1.7.4 பதிப்பிலிருந்து ஒரு முனையத்தில் பெற்ற அனுமதி மற்றதில் செல்லாது என்பது இயல்பாயிற்று. நல்ல முடிவு அது. ஆனால் நேரத்தை நம்பிய இடத்திலேயே ஓட்டையும் இருந்தது: கணினிக் கடிகாரத்தை 1970 ஜனவரி 1க்குத் திருப்பினால், ரத்துசெய்த அனுமதி மீண்டும் உயிர்பெற்றது. 2013இல் அது அடைக்கப்பட்டது. பின்னர் வந்த பதிப்புகள், யாரும் திருப்பிவைக்க முடியாத உட்கடிகாரத்தைப் பயன்படுத்துகின்றன.

பலர் பகிரும் கணினியிலிருந்து எழும்முன் 'சூடோ' என எழுதி, இடைவெளி விட்டு, சிறுகோடும் 'கே' எழுத்தும் சேர்த்து இயக்குங்கள். அந்த நினைவு அப்போதே அழியும்.