வங்கப் படங்களும் அவை பெற்ற பரிசுகளும்



செந்தூலில் ஒருவர் "வங்காளி" என்றால் நம் கண்முன் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு சீக்கியர்தாம் வந்து நிற்பார். அவர் பஞ்சாப் மாநிலத்தவர். பேசுவது பஞ்சாபி மொழி. கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். உண்மையான வங்காளி வேறு. அவரை இன்று தேடிப் போகவும் வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் குடியிருந்த லயங்களிலும், செம்பனைக் குலை வெட்டும் காடுகளிலும் வங்காளதேசத்து இளைஞர்கள் நம்மோடு வேலை செய்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் வங்காள மொழி. உலகத் திரைப்பட விழாக்களில் பரிசுமேல் பரிசு வாங்கிய மொழி அது. அந்தப் படங்கள் யாரைப் பற்றிப் பேசின, எப்படிப் பரிசு பெற்றன என்பதை இன்று பார்ப்போம்.

படம் என்றவுடன் நம்மில் மூத்தவர்களுக்குத் தோட்டத்துத் திடல்தான் நினைவுக்கு வரும். இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்புறம் பாய் விரித்து உட்காருவார்கள். அவர்களுக்கு மட்டும் கதாநாயகன் இடக்கையால் வாள் சுழற்றுவான். அந்தத் துணியில் நாம் கண்டவர்கள் அரசர்கள், மறவர்கள், மாளிகைச் சீமான்கள். நம்மைப்போல் கூலி வாங்கிக் கடன் கட்டுகிற குடும்பம் அதில் அதிகம் வந்ததில்லை.

வங்கத்தில் ஒருவர் அப்படிப்பட்ட குடும்பத்தையே படம் எடுக்கத் துணிந்தார். அவர் சத்தியஜித் ராய். கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் படம் வரைபவராகச் சம்பளத்துக்கு இருந்தவர். விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய 'பதேர் பாஞ்சாலி' என்னும் நாவலின் சுருக்கப் பதிப்புக்குச் சித்திரம் வரையும்போது அந்தக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. ஏழைப் புரோகிதர் ஒருவர், அவருடைய மனைவி, துர்கா என்ற மகள், அப்பு என்ற மகன், கூன் விழுந்த ஒரு கிழவி. இவர்கள்தாம் கதை. வில்லன் இல்லை, வறுமைதான் வில்லன்.

1952 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியது. ராய் அதற்குமுன் ஒரு படமும் எடுத்தவர் அல்லர். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா இருபதைச் சற்றே தாண்டிய இளைஞர். சினிமாப் படக்கருவியை அவர் இயக்கியதே இல்லை. நாணல் பூத்த வெளியில் அக்காளும் தம்பியும் ஓடிப்போய் முதல்முதலாக ரயில் வண்டியைப் பார்க்கும் காட்சியில்தான் தொடங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி எடுத்தார்கள். மீதியை எடுக்கத் திரும்பிப் போனபோது மாடுகள் நாணற் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன! மறுபடி பூக்கும்வரை ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. அந்த ரயில் காட்சியை, ரயில் பட்டறைச் சங்கின் ஓசையில் வளர்ந்த செந்தூல்காரர்கள் பார்த்தால் நிச்சயம் பெருமூச்சு விடுவார்கள்.

பணம்? காப்புறுதிப் பத்திரத்தின்மேல் கடன் வாங்கினார். மனைவியின் நகைகளை அடகு வைத்தார். அடகுக்கடைப் படி ஏறி இறங்கிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதுவும் தீர்ந்தபின் வேலை மாதக்கணக்கில் நின்றது. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. படத்தின் பெயருக்குப் 'பாதையின் பாட்டு' என்று பொருள். ஆகவே அரசுக் கணக்கில் அந்தத் தொகையைச் சாலை சீரமைப்புச் செலவாக எழுதினார்களாம். கிழவியாக நடித்த சுனிபாலா தேவிக்கு ஏறக்குறைய 80 வயது. படப்பிடிப்பு நீண்டுகொண்டே போனபோது ராய்க்கு மூன்று கவலைகள் இருந்தன: கிழவி இறந்துவிடக்கூடாது, அப்புவின் குரல் உடைந்துவிடக்கூடாது, துர்கா வளர்ந்துவிடக்கூடாது. மூன்றும் நடக்கவில்லை.

1955இல் படம் வெளிவந்தது. அவ்வாண்டின் சிறந்த இந்தியப் படம் என்று குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது. 1956இல் பிரான்சு நாட்டுக் கான் விழாவில் 'சிறந்த மனித ஆவணம்' என்ற பரிசும் கிடைத்தது. அதில் ஓர் இடத்தை மட்டும் சொல்லிவிடுகிறோம். பக்கத்து வீட்டுப் பாசிமணி மாலையைத் துர்கா திருடினாள் என்று பழி வருகிறது. தாய் அவளை அடித்து வெளியே தள்ளுகிறாள். பின்னால் துர்கா காய்ச்சலில் இறந்துபோகிறாள். குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் நாளில், மேலடுக்கிலிருந்த ஒரு சிரட்டைக்குள் அந்த மாலை அப்புவின் கையில் அகப்படுகிறது. அவன் யாரிடமும் காட்டவில்லை. ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். விலகிய பாசி மெல்லக் கூடி மூடிக்கொள்கிறது. ஒரு சொல் பேசாமல் இத்தனையும் நடக்கிறது. பிறகு மாட்டு வண்டியில் ஏறிக் காசிக்குப் போகிறார்கள். ஊரை விட்டு வண்டியேறிய கதையை நாகப்பட்டினத்துக் கப்பலோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வண்டி நமக்குப் புதிதல்ல.

அதன் தொடர்ச்சியான 'அபராஜிதோ' 1957இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்றது. 'மகாநகர்' என்ற படத்துக்காக 1964இல் பெர்லின் விழா ராயைச் சிறந்த இயக்குநர் என்றது. நடுத்தரக் குடும்பத்து மருமகள் ஒருத்தி முதல்முதலாக வேலைக்குப் போகிறாள். மாமனாருக்கு அது பிடிக்கவில்லை என்பது கதை. கல்கத்தாவில் அது பெரிய சிக்கல். நம் தோட்டத்துப் பாட்டிமார்களோ அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே விடியுமுன் பெரட்டுக்கு நின்று, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் சீவப் போனவர்கள்! அவர்களைப் பற்றி யாரும் படமெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

1973இல் பெர்லினில் தங்கக் கரடிப் பரிசு பெற்ற 'அஷனி சங்கேத்' பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் அதன் பொருள். ஏறக்குறைய 30 இலட்சம் பேரைக் கொண்டுபோன பஞ்சம் அது. மழை பொய்த்ததால் மட்டும் வந்ததன்று. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, படகுகளை அரசு பறித்தது, வியாபாரிகள் பதுக்கினார்கள், விலை ஏறியது. ராய் இந்தப் படத்தை வண்ணத்தில் எடுத்தார். வயல் பச்சைப்பசேலென்று இருக்க, மனிதர் சோறின்றிச் சாகிறார்கள். அதே போரில், அதே 1943இல், நம் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்கள் சயாம் மரண ரயில்பாதையில் மடிந்துகொண்டிருந்தார்கள். வங்கத்தில் அந்தத் துயரத்துக்குத் தங்கக் கரடி பெறும் படமொன்று பிறந்தது. நம் துயரம் பாட்டிமார் வாயோடு நின்றுவிட்டது.

அந்தப் பஞ்சத்தையே மிருணாள் சென் வேறு விதமாகத் தொட்டார். 1980இல் வந்த 'அகாலேர் சந்தானே' படத்தில், பஞ்சத்தைப் பற்றிப் படமெடுக்க ஒரு பட்டணத்துக் குழு கிராமத்துக்கு வருகிறது. வந்தவர்கள் சந்தையில் உள்ள காய்கறியையெல்லாம் வாங்க, ஊரில் விலை ஏறிவிடுகிறது! அவ்வாண்டு இந்தியாவின் சிறந்த படம் அது. 1981இல் பெர்லினில் வெள்ளிக் கரடியும் பெற்றது. அவருடைய 'காரிஜ்' 1983இல் கான் விழாவில் நடுவர் குழுப் பரிசு வாங்கியது. நம்மைக் கேட்டால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம். கிராமத்து ஏழை ஒருவர் தம் சிறுவனைப் பட்டணத்து வீடொன்றில் வேலைக்கு விடுகிறார். குளிர் தாங்காத ஓரிரவில் அவன் சமையலறையில் கரியடுப்பின் அருகே கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறான். காற்றுப்போக வழியில்லாத அறை. காலையில் பிணமாகக் கிடக்கிறான். வீட்டார் கொடியவர்கள் அல்லர், நல்லவர்களே. அவர்கள் கவலையெல்லாம் காவல் நிலையத்துக்கு என்ன சொல்வது, அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்பதுதான். தகனம் முடிந்து தந்தை வருகிறார். அடித்துவிடுவாரோ என்று அஞ்சுகிறார்கள். அவர் விடைபெற்றுக்கொண்டு போய்விடுகிறார். தோட்டத்துப் பெண்பிள்ளைகளைப் பட்டணத்து வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பிய காலம் நமக்கும் உண்டு. அந்தப் படம் முடிந்தபின் நாம் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பரிசுகளைப் பெரிதாகப் பேசுகிறோம். பரிசு எல்லாரையும் கண்டுகொள்ளவும் இல்லை. இந்தியப் பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிக் குடும்பத்தையும், அதைச் சுமந்து சுமந்தே உருக்குலைந்த மூத்த மகளையும் 'மேகே தாக்கா தாரா' என்ற படத்தில் 1960இல் காட்டிய ருத்விக் கட்டக், உயிரோடிருந்த காலத்தில் ராய் பெற்ற புகழில் சிறு பங்கும் பெறாமல் 1976இல் மறைந்தார். இன்று அந்தப் படத்தை உலகம் கொண்டாடுகிறது.

வங்கத்துக் கை தமிழுக்கும் வந்தது. பிரிவினை அகதிகளை வைத்து 1950இல் 'சின்னமூல்' எடுத்த நிமாய் கோஷ், பிறகு சென்னையில் குடியேறினார். 1960இல் அவர் தமிழில் இயக்கிய படம்தான் 'பாதை தெரியுது பார்'. தொழிலாளர் ஒற்றுமையைச் சொன்ன படம். பாட்டுகள் நின்றன, படம் ஓடவில்லை. நம் பக்கத்துக்கும் ஒருவர் வந்தார். கல்கத்தாவில் பெயர் பெற்ற பனி மஜும்தார் சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் படங்களை இயக்கினார். அவருடைய 'ஹங் துவா' 1957இல் பெர்லின் போட்டிக்குப் போனது. அவருடைய 'அனாக்கு சஸாலி'யில் தந்தையாகவும் மகனாகவும் நடித்ததற்காக பி. ரம்லி 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். அந்த ரம்லிக்கு முதன்முதலில் கதாநாயகன் வேடம் தந்த 'பக்தி' படத்தை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். இதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பிந்திய பத்தாண்டுகளை விரைந்து பார்த்துவிடலாம். ராய்க்கு 1992இல் சிறப்பு ஆஸ்கார் விருது கிடைத்தது. கல்கத்தா மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே அதைப் பெற்றுக்கொண்டார். ஏப்ரல் 23இல் காலமானார். பறவை பிடித்து விற்கும் தொழிலில் மனம் ஒட்டாத ஒருவனைப் பற்றிய புத்ததேவ் தாஸ்குப்தாவின் 'சராசர்', ருதுபர்ணோ கோஷின் 'உனிஷே ஏப்ரல்' ஆகியவை இந்தியாவின் சிறந்த படங்களாகத் தேர்வு பெற்றன. வங்காளதேசத்திலிருந்து தாரேக் மசூத் இயக்கிய 'மாட்டிர் மொய்னா' 2002இல் கான் விழாவில் திறனாய்வாளர் பரிசு பெற்றது. நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத்துத் தம்பியிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

இந்தியாவின் சிறந்த படம் என்ற பரிசை அதிக முறை பெற்ற மொழி வங்காளமே. அந்தப் பரிசுக்கு மொழி வரம்பு கிடையாது. முதல் முறை பெற்றது ஒரு மராத்திப் படம். தமிழுக்கு அது 1990ஆம் ஆண்டின் 'மறுபக்கம்' படத்தில்தான் வந்தது.

இங்கே நிலைமை வேறாக இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியேற நேர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சஞ்சய் குமார் பெருமாள் 'ஜகாட்' என்று படமாக்கி 2015 டிசம்பரில் வெளியிட்டார். 1990களின் தொடக்கத்தில், புறம்போக்குக் குடியிருப்பில் வளரும் அப்போய் என்ற சிறுவன். படி படி என்று அடிக்கும் தந்தை. குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா, போதையில் ஒருவர். பையனுக்குக் கற்பனை வளம் உண்டு. அதை ஏந்திக்கொள்ள யாரும் இல்லை. 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல்தான் நம் வாயில் 'ஜகாட்' ஆயிற்று; பொல்லாதவன் என்று பொருள்.

2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழா வந்தது. வசனம் பெரும்பாலும் மலாயில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அப்படியானால் இது மலேசியப் படமில்லையா என்ற கேள்வி எழுந்தது. அதை எழுப்பியவர்கள் தமிழர் மட்டும் அல்லர். மூத்த மலாய் ஒளிப்பதிவாளர் ஒருவர், தாம் முன்பு பெற்ற விருதுகளையே திருப்பிக் கொடுக்க முன்வந்தார். விதி மாற்றப்பட்டது. அந்த விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை 'ஜகாட்' பெற்றது. ஒரு தமிழ்ப் படம் அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

படத்தில் அடிதடியும் ஏச்சும் உண்டு. சிறு பிள்ளைகளைத் தனியே விட்டுவிடாமல், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தோட்டத்தில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்.