கேம்பிரிட்ஜ் நாடாவும் ஜப்பானிய மாணிக்கமும்



தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாரிடம் சம்பளக் கணக்குக் கேட்கிறோம். பேரேட்டை நாம் புரட்டுவதில்லை. பெயரைச் சொல்கிறோம், அவர் பார்த்துச் சொல்கிறார். கணிப்பொறி உலகில் இப்படிப்பட்ட சன்னலுக்கு ஏபிஐ என்று பெயர். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் எதை, எந்த முறையில் கேட்கலாம் என்ற ஏற்பாடுதான் அது.

இதன் வேர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே எட்சாக் என்ற கணிப்பொறி 1949 மே 6ஆம் நாள் முதன்முதலாகக் கணக்குப் போட்டது. வர்க்கமூலம் காண்பது போன்ற வேலைக்கு ஒவ்வொருவரும் புதிதாக நிரல் எழுதினால் பிழைதான் பெருகும். ஆகவே மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகியோர், ஒருமுறை எழுதிச் சோதித்த சிறு நிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் சேர்த்து வைத்தார்கள். வேண்டியவர் எடுத்துத் தம் நாடாவில் படியெடுத்துக் கொள்ளலாம். 1951இல் இதை விளக்கி நூலும் வெளியிட்டார்கள். மறு ஆண்டு வீலர் ஒன்று சொன்னார்: நிரலை எழுதி முடித்த பிறகு, அதன் உள்விவரம் அறியாதவரும் பயன்படுத்தும்படி குறிப்பு எழுதுவதே எல்லாவற்றிலும் கடினமாக இருக்கக்கூடும் என்று. ஏபிஐயின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கவலைதான் என்பது என் எண்ணம்.

நிரல் எழுதுவது மனிதருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டவர் ஜப்பானியரான யுகிஹிரோ மட்ஸுமோட்டோ. 1993இல் தொடங்கி, 1995 டிசம்பரில் ரூபி என்ற நிரல்மொழியை வெளியிட்டார். அப்போது வழக்கிலிருந்த பெர்ல் மொழியின் பெயர், முத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல ஒலிக்கும். அதனால் இதற்கு மாணிக்கத்தின் பெயர். ஆணைச் சொற்கள் ஆங்கிலம்தான். ஆனால் தொடக்கத்தில் விளக்கக் குறிப்புகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் இருந்தன. ஆங்கில நூல் 2000இல்தான் வந்தது. கணிப்பொறி என்றாலே ஆங்கிலம் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவோர் இதைக் கொஞ்சம் கவனிக்கட்டும்!

அதே 2000இல் ஈபே போன்ற நிறுவனங்கள் இணையம் வழியாகத் தம் சன்னலைப் பிறர் நிரல்களுக்குத் திறந்துவிட்டன.

இன்று ரூபி கற்கத் தொடங்கும் மாணவி, படமோ பொத்தானோ இல்லாத கட்டளைத் திரையில், ஊர்ப் பெயரைக் கொடுத்தால் வானிலை சொல்லும் நிரலைச் சில வரிகளில் எழுதிவிடலாம். ‘கெட்ஸ்’ என்ற ஆணை அவள் தட்டச்சிட்டதை வாங்கிக் கொள்ளும்; ‘புட்ஸ்’ விடையைக் காட்டும். நடுவில் அந்த ஊர்ப் பெயர் வானிலைச் சேவையின் முகவரிக்குப் போகிறது. விடை பெரும்பாலும் ஜேசன் என்ற வடிவில், வெப்பநிலை என்ற பெயருக்கு எதிரே 31 என்பது போல வரும். அதை எப்படிக் கணித்தார்கள் என்று அவள் அறிய வேண்டியதில்லை. சேவையின் குறிப்பைப் படித்திருக்க வேண்டும். ஊர்ப் பெயரில் ஓரெழுத்துப் பிசகினால் விடைக்குப் பதில் 404 என்ற எண் வரலாம். அதற்கும் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்.