செவ்வாய் மேற்பரப்பு நோக்கல், அடி அண்ணாமலை

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே உள்ள ஊர் அடி அண்ணாமலை. ஏறத்தாழ 12.2 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், பூமியை நெருங்கும் காலத்துச் செவ்வாய் இங்கே எப்போதும் வானில் நன்றாக மேலேறுகிறது. 2018 ஜூலையில் லண்டனில் 13 பாகை உயரத்தோடு நின்ற கோள் இங்கே 52 பாகையைத் தொட்டது. உயரம் கூடக்கூட, ஒளி கடந்துவரும் காற்றின் அளவு குறைந்து படம் நிலைக்கும். இப்படித் தாழ்ந்த அட்சரேகையில் வட, தென் வானங்கள் இரண்டையும் பார்க்கலாம் என்பதும் ஜவ்வாது மலைக் காவலூரில் வான் ஆய்வகம் அமைத்ததற்கு ஒரு காரணம்.

சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை செவ்வாய் சூரியனுக்கு நேரெதிரே வருவதே எதிரமைவு. 2003 ஆகஸ்டில் மிக நெருங்கியபோதும் அதன் வட்டு கோண அளவில் 25 விகலைதான். நிலவின் விட்டத்தில் எழுபதில் ஒரு பங்கு. 2022 டிசம்பர் 8 எதிரமைவில் 17 விகலை. அன்று விடியற்காலையில் முழு நிலவை ஒட்டிச் செவ்வாய் நின்றது. இரண்டு நாள் முன்பு ஏற்றிய மகா தீபம் மலையுச்சியில் எரிந்துகொண்டிருந்தது. கோள் நோக்கலுக்கு நிலவொளியோ கிரிவலப் பாதை விளக்குகளோ பெரிய தடையில்லை. பகலெல்லாம் காய்ந்த பாறை இரவில் விடும் வெப்பம்தான் தடை. கிழக்கே மலை நிற்பதால், கோள் அதைத் தாண்டி உச்சிக்கு வரும்வரை பொறுப்பது நல்லது. தொலைநோக்கியை முன்னதாகவே வெளியே வைத்து ஆடியைக் குளிரவிட வேண்டும்.

6 அல்லது 8 அங்குல ஆடித் தொலைநோக்கியில், 150 முதல் 250 மடங்கு உருப்பெருக்கத்தில், முதலில் தெரிவது வெண்ணிறத் துருவப் பனிமுடி. பிறகு ஆப்பு வடிவக் கருந்திட்டான சிர்ட்டிஸ் மேஜர். வானியலாளர் ஹைகன்ஸ் 1659-இல் வரைந்தது இதைத்தான். அதற்குத் தெற்கே ஹெல்லஸ் பள்ளம் உறைபனியால் வெளுத்து, பனிமுடியோ என்று மயக்கும். ஆரஞ்சு வடிகட்டி கருந்திட்டுகளை அழுத்திக் காட்டும். நீல வடிகட்டி மேகங்களை.

செவ்வாய் தன்னைச் சுற்ற 24 மணி 37 நிமிடம் ஆகும். ஆகவே தினமும் ஒரே நேரத்தில் பார்த்தால் திட்டுகள் ஏறத்தாழ 10 பாகை பின்தங்கியிருக்கும். முழுக் கோளும் கண்ணில் பட ஐந்தாறு வாரம் பிடிக்கும். ஒரே இரவில் நான்கைந்து மணி நேரம் விடாமல் பார்த்தால் கோள் உருளுவதே தெரிந்துவிடும். அதைவிட மகிழ்ச்சி தரும் காட்சி சிறு தொலைநோக்கியில் அரிது.

கண்டதை அப்போதே நேரம் குறித்து வரைய வேண்டும். எதிர்பார்த்ததை வரையக் கூடாது. 1877-இல் வானியலாளர் ஷியாபரெல்லி வரைந்த நேர்கோட்டுக் கால்வாய்கள், 1909-இல் மற்றொரு வானியலாளர் அன்டோனியாடி 83 செ.மீ. தொலைநோக்கியில் பார்த்தபோது ஒழுங்கற்ற திட்டுகளாகப் பிரிந்தன.

2027 பிப்ரவரி எதிரமைவில் வட்டு 14 விகலைக்கும் சற்றுக் குறைவு, ஆனால் வானம் தெளிந்திருக்கும் பருவம். 2035 செப்டம்பரில் 24 விகலையைத் தாண்டும். அது இங்கே மாலை மழைக்காலம் என்பதால், மழை விட்ட பின்னிரவுகளையே நம்ப வேண்டியிருக்கும்.