திண்ணையும் சாஸ்திரமும்

கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்றாகிய ஆலத்தூர் நாட்டை நினைக்கும்போதெல்லாம், அம்மலைக் குடியானவர்கள் சாமை வகைகளுக்கு இட்டு வழங்கும் பெயர்களே முதலில் என் மனத்தில் எழுகின்றன. வெள்ளப்பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை என்னும் பெயர்கள் நிறத்தில் தொடங்கி இனத்தில் முடிகின்றன; அகராதியை நாடாமலே, கேட்டவன் தானியத்தை இனங்கண்டுகொள்கிறான்.

இதே தொகைநெறியைச் சாஸ்திரத்துக்கே உரியதாக்கிய ஒரு மேதை, கடல் கடந்த தேசமொன்றில் வாழ்ந்தார். 1548-இல் புரூஜ் நகரில் பிறந்த சைமன் ஸ்டெவின், லத்தீனில் எழுதுவதே பாண்டித்தியத்தின் லக்ஷணம் என்று கருதப்பட்ட அந்நாளில், எடையையும் சமநிலையையும் ஆராயும் தம் நூலை 1586-இல் டச்சு மொழியிலேயே வெளியிட்டதோடு, அதன் முகப்பில் தாய்மொழியின் மேன்மையை விளக்கும் உரையொன்றையும் சேர்த்து, அம்மொழியில் ஓரசைச் சொற்கள் மிகுந்திருப்பதால் கூட்டுச்சொற்கள் இயல்பாய் அமைகின்றன என்று சொற்களை எண்ணியே நிலைநாட்டினார். கணிதத்துக்கு ஐரோப்பிய பாஷைகள் பெரும்பாலும் கிரேக்கப் பெயரையே கைக்கொண்டிருக்க, அவரோ 'நிச்சயம்' எனப் பொருள்படும் 'விஸ்' என்பதையும் 'கலை' எனப் பொருள்படும் 'கொன்ஸ்ட்' என்பதையும் பிணைத்து, 'விஸ்கொன்ஸ்ட்' என்றார். கலையைக் குறித்த அச்சொல்லின் இடத்தைப் பிற்காலத்தில் அறிவைக் குறிக்கும் சொல் பெற்றது; இன்று டச்சுக் குழந்தைகள் 'விஸ்குண்டே' பயில்கின்றனர். நிச்சயமான அறிவு! கணிதத்துக்கு இதனினும் பொருத்தமான நாமத்தை நான் அறியேன்.

பிராணவாயுவுக்கு டச்சுக்காரர்கள் வழங்கும் 'சூர்ஸ்டொஃப்' என்பதோ 'புளிப்புப் பொருள்' என்றே பொருள்படும். அமிலங்கள் யாவற்றிலும் அவ்வாயு உண்டென ரசாயன அறிஞர் லவாய்சியே கொண்ட கருத்து பின்னர்த் தவறென்று நிரூபணமாயிற்று. எனினும் அச்சொல் மாறவில்லை. நாமோ அவ்வாயு உயிர்களுக்குச் செய்யும் உபகாரத்தை நோக்கிப் பெயரிட்டோம். இவ்விஷயத்தில் நம் பெயரே சிறந்தது என்பது என் துணிபு.

அத்தகைய பெயர்களை ஒழுங்காக ஆக்கித் தரும் பொருட்டே, கொல்லிமலைக்கு அணித்தான சேலத்தில், 1916-இல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அதற்கு முன்பே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் போதித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், ரசாயன நூலொன்றுக்குக் 'கெமிஸ்தம்' என்று ஆங்கிலச் சொல்லையே தமிழுருவில் சூட்டியிருந்தார். அவருடைய தமிழ்த்தொண்டு போற்றத்தக்கது. ஆயினும் அப்பெயர் கேட்போனுக்குப் பொருளைத் திறந்து காட்டவில்லை. ராஜாஜியோ, ரசாயனத்தைச் சாமானிய ஜனங்களுக்கு விளக்கித் தாம் எழுதிய நூலுக்குத் 'திண்ணை ரசாயனம்' என்று பெயரிட்டார். வழிப்போக்கனும் அமர்ந்து இளைப்பாறும் திண்ணை அந்தச் சாஸ்திரத்துக்கு முன்னே நிற்கிறது.