விவாகரத்துத் தீர்ப்புக்குப் பிறகு தாபரிப்புப் பணம் தொடருமா?

நீதவான் நீதிமன்றத்தில் ஒருமுறை கிடைத்த தாபரிப்புக் கட்டளை விவாகரத்துக்குப் பின்னும் தொடரும் என்றே எங்கள் ஊர்களில் பொதுவாக எண்ணப்படுகிறது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அது சரி. மனைவியைப் பொறுத்தவரை சரியல்ல.

1889ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்தில் தாபரிக்கும் கடமை கணவனுக்கும் தந்தைக்கும் மட்டுமே இருந்தது. அதை நீக்கி வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் ‘வாழ்க்கைத்துணை’ என்று பொதுவாகச் சொல்கிறது. போதிய வருமானம் உள்ளவர், தன்னைத் தானே பராமரிக்க இயலாத மற்றவரைத் தாபரிக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு, 18 முதல் 25 வரையான பிள்ளைகளும் கோரலாம். அங்கவீனமுற்ற பிள்ளைக்கு வயதெல்லை இல்லை. ஷெல்லில் காலை இழந்த பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார் இதை அறிந்திருக்க வேண்டும். கட்டளையிட்ட பணத்தைக் கட்டாமல் விட்டால், நிலுவையான ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

ஒரு பொறி இருக்கிறது. இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தால் வாழ்க்கைத்துணைக்குத் தாபரிப்பு கிடையாது. பிரச்சினையை முடித்துவைப்பதாகச் சொல்லி, ‘நாங்கள் விரும்பியே பிரிகிறோம்’ என்று எழுதி ஒப்பம் கேட்பார்கள். பொலிஸ் நிலையத்திலோ பெரியவர்கள் முன்னிலையிலோ அப்படிக் கையெழுத்து வைத்தால், பிறகு அதே கடிதம் உங்களுக்கு எதிராக நீட்டப்படும்.

போரின் கடைசி ஆண்டுகளில் வன்னியில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து அவசரமாகச் செய்த திருமணங்கள் பல பதியப்படவில்லை. பதிவு இல்லை என்பதற்காகத் திருமணமே இல்லை என்றாகாது. சடங்கு நடந்ததற்கும் ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்ததற்கும் சாட்சி தேவை. திருமணம் நிரூபிக்கப்படாவிட்டாலும், தந்தை யார் என்பதை நிரூபித்தால் பிள்ளைக்குத் தாபரிப்பு உண்டு.

விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடப்பது. (முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம், அது வேறு சட்டம்.) குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 614ஆம் பிரிவின்படி வழக்கு முடியும்வரை இடைக்காலத் தாபரிப்புக் கோரலாம். தீர்ப்பின்போது 615ஆம் பிரிவின் கீழ் நிரந்தரத் தாபரிப்பு கேட்கலாம். நீதிமன்றம் மொத்தத் தொகையாகவோ, மாதாந்தமாகவோ, ஆண்டுதோறுமோ கொடுக்கச் சொல்லலாம். சொத்தை எழுதிக் கொடுக்கவும் உத்தரவிடலாம்.

கேட்டால்தான் இது கிடைக்கும். விவாகரத்தானதும் நீங்கள் சட்டப்படி வாழ்க்கைத்துணை அல்ல. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உங்களுக்காகக் கோர முடியாது. வெளிநாட்டிலுள்ள கணவன் இங்கே சட்டத்தரணி மூலம் வழக்குத் தொடரும்போது, ‘அவர் போனால் போகட்டும்’ என்று அழைப்பாணையைப் பெட்டிக்குள் வைத்துவிடும் பெண்கள் உண்டு. அந்த வழக்கு ஒருதலையாக விசாரிக்கப்படும். முதலில் வரும் தீர்ப்பு குறைந்தது மூன்று மாதங்களுக்குப் பின்னரே முடிவானதாகும் என்பதால், தீர்ப்புப் பிரதி கைக்கு வந்தாலும் அன்றே சட்டத்தரணியைக் காணுங்கள். பணவசதி இல்லாதவர்களுக்காக வாதாட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும், கணவனின் தொழில், வருமானம், காணி பற்றித் தெரிந்த விவரங்களையும், அவர் பணம் அனுப்பிய பழைய பற்றுச்சீட்டுகள் இருந்தால் அவற்றையும் கொண்டுசெல்லுங்கள்.